ஓரெழுத்து மாறினால் புரதமும் மாறுமா?

கேள்வி (உயர்தர மாணவன், திருகோணமலை): டி.என்.ஏ.யில் ஓர் எழுத்து மாறினாலும் சில வேளைகளில் புரதம் மாறுவதில்லை என்று உப்புவெளியில் நடந்த உயிரியல் வகுப்பில் கூறினார்கள். அது எவ்வாறு, ஐயா?

பதில்: தம்பி, டி.என்.ஏ.யின் எழுத்துகள் மும்மூன்றாகச் சேர்ந்தே புரதத்தின் அலகுகளான அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. அத்தகைய மூன்றெழுத்துச் சேர்க்கைகள் 64இல் 3, புரதத் தொகுப்பை முடிக்கும் நிறுத்தற் குறிகளாக அமைய, எஞ்சிய 61உம் 20 அமினோ அமிலங்களையே குறிப்பதால், ஓர் அமிலத்துக்குப் பெரும்பாலும் பல சேர்க்கைகள் உள்ளன. டி.என்.ஏ.யின் செய்தியைக் கொண்டுசெல்லும் நகலான தூது ஆர்.என்.ஏ.யில் ஜி.ஏ.ஜி. என்பது ஜி.ஏ.ஏ. ஆனாலும் குளூட்டாமிக் அமிலமே சேரும்.

மற்றொருவர்: ஆனால் அந்த ஜி.ஏ.ஜி.யின் நடுவெழுத்து மாறி ஜி.யு.ஜி. ஆனால் வலைன் என்னும் வேறோர் அமினோ அமிலம் சேரும். குருதியில் ஒட்சிசனைக் காவும் புரதமான ஈமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் 6ஆம் இடத்தில் நிகழும் இம்மாற்றம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால், செங்குருதிக் கலங்கள் அரிவாள் வடிவாகும் கொடிய நோய் உண்டாகிறது.

மாணவன்: அப்படியாயின் மூன்றாம் எழுத்து மாறினால் பாதிப்பே இல்லையா?

பதில்: அவ்வாறு கொள்ள வேண்டாம், தம்பி. தைரோசின் என்னும் அமினோ அமிலத்துக்குரிய யு.ஏ.சி. என்பது யு.ஏ.ஏ. ஆனால், அது நிறுத்தற் குறியாகிப் புரதத் தொகுப்பு அவ்விடத்திலேயே நின்றுவிடும்.