லாபி டைல்ஸ்: எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழு

ராதா (செயலாளர்): லாபிக்கும் படிக்கட்டுக்கும் டைல்ஸ் சாம்பிள் இரண்டு வந்திருக்கிறது. வாட்ச்மேன் அறையில் இருக்கு. மாலைக்குள் பார்த்துச் சொல்லுங்கள்.

மீனாட்சி பி2: தடவிப் பார்த்தேன் அக்கா. சாம்பல் நிறம் நல்ல சொரசொரப்பு. பெட்டியில் ஆர்9 என்று வேறு போட்டிருக்கு. பத்துக்கு ஒன்பது 👍

குமரேசன் ஏ4: பத்துக்கு இல்லைம்மா. தரை எவ்வளவு வழுக்காது என்று சொல்லும் ஜெர்மன் தரவரிசை ஆர்9-ல் தொடங்கி ஆர்13 வரை போகும். ஆர்9 தான் அடிப்படி. எண்ணெய் ஊற்றிய டைல்ஸ் பலகையில் ஆளை நடக்கவிட்டு, வழுக்கும்வரை சரிவை ஏற்றிக்கொண்டே போவார்கள். 10 டிகிரியைத் தாண்டாதது ஆர்9.

மீனாட்சி பி2: 😳

சுரேஷ் சி1: கையால் தடவினாலே தெரியாதா அங்கிள்?

குமரேசன் ஏ4: காய்ந்த டைல்ஸில் விரல் வைத்து என்ன பயன்? மழைநாளில் செருப்புக்கும் தரைக்கும் நடுவே தண்ணீர் படலமாக மாட்டிக்கொள்ளும். தரையின் நுண்ணிய மேடுகள் அந்தப் படலத்தைத் துளைத்துச் செருப்பைத் தொட்டால்தான் பிடிப்பு. அந்த மேடு பள்ளத்தின் உயரம்தான் ஆர்இசட். கையடக்கக் கருவி ஒன்றின் ஊசி தரைமேல் சில மில்லிமீட்டர் ஊர்ந்து அளந்துவிடும். பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான எச்எஸ்இ கணக்குப்படி, தண்ணீர் மட்டும் படும் இடத்தில் 20 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மேல் இருந்தால் நல்லது. 10-க்குக் கீழே என்றால் ஆபத்து.

ராதா (செயலாளர்): டீலர் தந்த தாளில் ஆர்ஏ 3 என்று இருக்கிறதே சார்?

குமரேசன் ஏ4: அது வேறு, மேடு பள்ளத்தின் சராசரி. ஆர்இசட் அதைவிடப் பல மடங்கு பெரிதாக வரும். இரண்டையும் ஒப்பிடக் கூடாது. ஆர்இசட் கேளுங்கள் ராதாம்மா.

செல்வி பி5: பாத்ரூமுக்கும் இதையே போடலாம் என்றிருந்தோம். அத்தை வெள்ளிதோறும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்.

குமரேசன் ஏ4: வேண்டாம்மா. சோப்புத் தண்ணீருக்கே 45 மைக்ரான் கேட்கிறார்கள், ஆலிவ் எண்ணெய்க்கு 70. அதுவும் செருப்புக் காலுக்கு. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனித் தரம் உண்டு, சி கேட்டு வாங்குங்கள். எந்த டைல்ஸ் போட்டாலும் சுவரில் கைப்பிடி வையுங்கள்.

மீனாட்சி பி2: அவ்வளவு சொரசொரப்பில் அழுக்கு அப்பிக்கொள்ளுமே? துடைக்க வரும் அக்கா என்னைத்தான் திட்டுவார்.

குமரேசன் ஏ4: திட்டுவார்தான். ஆனால் தேய்த்துக் கழுவாமல் விட்டால் சோப்புப் படிவு பள்ளத்தை அடைத்து, நல்ல டைல்ஸும் வழுக்கும். அப்புறம், ஆர்இசட் மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. பெண்டுலம் சோதனை ஒன்று உண்டு. ரப்பர் பொருத்திய கை ஊசலாடி வந்து நனைந்த தரையை உரசிப்போகும். அதில் காட்டும் எண் 36-ஓ அதற்கு மேலோ வந்தால் சரி. 24, அதற்கும் கீழே என்றால் தொடாதீர்கள்.

ராதா (செயலாளர்): டீலரிடம் ஆர்இசட், பெண்டுலம் எண் இரண்டும் கேட்டேன். "ஆன்ட்டி ஸ்கிட்தான் மேடம், பயப்படாதீங்க" என்று வாய்ஸ் நோட் வருகிறது.

குமரேசன் ஏ4: எண் வராமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ராதா (செயலாளர்): நிறுத்திவிட்டேன் சார். வியாழனுக்குள் தரவில்லை என்றால் வேறு கடை பார்ப்போம்.