ஏஞ்சல் மீன் முட்டைகளில் பூஞ்சை: வழி கூறுங்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் வீட்டுத் தொட்டியில் ஏஞ்சல் மீன் வளர்த்து வருகிறேன். ஜோடி சேர்ந்த மீன்கள், சாய்த்து வைத்த ஓட்டுத் துண்டில் வரிசையாக முட்டையிடுகின்றன. ஆனால் மறுநாளே சில முட்டைகள் வெளுத்து, அவற்றின் மேல் பஞ்சிழை போன்ற பூஞ்சை படர்ந்து, அருகிலுள்ள தெளிந்த முட்டைகளையும் பற்றிக்கொள்கிறது. வெளுத்தவற்றை இடுக்கியால் எடுத்தால் பக்கத்து முட்டைகளும் சேர்ந்து பெயர்ந்துவிடுகின்றன.

தாமிரபரணிக் குடிநீர் வராத நாள்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கலக்க வேண்டியுள்ளது. கடின நீரில் முட்டைகள் சரியாகக் கருவுறாமல் போவதுண்டு என்பதாலும், கருவுறாத முட்டையில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும் என்பதாலும், என் ஐயமெல்லாம் இந்த நீரின் மீதே இருக்கிறது.

பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் புளூ என்ற நீல நிற மருந்து, வடிகட்டியிலுள்ள நல்ல பாக்டீரியாக்களையும் பாதிக்கும் என்பதால், ஓட்டுத் துண்டைத் தனித் தொட்டிக்கு மாற்றி, காற்றுக் குமிழி விடும் காற்றுக்கல் வைத்து, அங்கு மட்டும் அம்மருந்தைச் சேர்க்க எண்ணுகிறேன். (ஹீட்டர் தேவைப்படாது; நம் ஊர் வெயிலே போதும்.) குஞ்சு பொரித்தபின் மருந்து நீரை ஒரேயடியாக மாற்றலாமா, சிறிது சிறிதாகவா? மருந்தின்றி, நாட்டு வாதாம் இலை ஊறிய நீரிலேயே பூஞ்சையைத் தடுத்தவர்கள் இருந்தால், எத்தனை லிட்டருக்கு எத்தனை இலை இட்டீர்கள் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.