1968 சிகாகோ மாநாட்டுச் செய்தியாளர் அட்டை: அசல் என அறிவது எப்படி?

கேள்வி:
அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சி 1968 ஆகஸ்ட் 26 முதல் 29 வரை சிகாகோவில் நடத்திய மாநாட்டின் செய்தியாளர் அனுமதி அட்டை ஒன்றும், 1896 அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட வில்லியம் மெக்கின்லியின் மார்புப் பொத்தான் ஒன்றும் விலைக்கு வந்துள்ளன. வாங்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1:
பொத்தானை முதலில் பாருங்கள். அந்தத் தேர்தலில் பரவியவை, அச்சிட்ட தாளைச் செல்லுலாய்டு என்ற ஒளிபுகும் பழைய பிளாஸ்டிக்கால் மூடிச் செய்தவை. பின்புறத்தில் பெரும்பாலும் நியூவார்க்கின் ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனத்தின் தாள் ஒட்டியிருக்கும். தகரத்தின் மேல் நேரடியாக அச்சிடும் முறை 1920 வாக்கில்தான் தேர்தல் பொத்தான்களுக்கு வந்தது என்பதால், அவ்வாறு அச்சான மெக்கின்லி பொத்தான் ஐயமின்றி நகலே. 1973 அமெரிக்கச் சட்டப்படி, அதன்பின் செய்த நகல்களில் தயாரித்த ஆண்டு பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். விளிம்பை உருப்பெருக்கியால் பாருங்கள்.

மறுமொழி 2:
புற ஊதா விளக்கில் பொத்தானின் பின்தாள் பளிச்சென நீலமாக ஒளிர்ந்தால் வாங்காதீர்கள். அப்படி ஒளிரச் செய்யும் வெண்மையூட்டி வேதிப்பொருள்கள் காகிதத்தில் பரவியது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. 1968 அட்டைக்கு இச்சோதனை எதையும் நிறுவாது. அரங்கினுள்ளேயே சிபிஎஸ் தொலைக்காட்சிச் செய்தியாளர் டான் ராதர் தாக்கப்பட்ட மாநாடு அது என்பதால் விலை ஏறும்; ஆகவே அட்டை எந்தச் செய்தியாளரிடமிருந்து கைமாறியது என்பதற்கான கடிதமோ, அவருடைய குறிப்பேடோ உடன் வருகிறதா என்று கேளுங்கள்.

மறுமொழி 3:
வாங்கினால் பிவிசி உறையில் வைக்காதீர்கள், அச்சு மை உறையில் ஒட்டிக்கொள்ளும்.