சேலம் ரயில்களில் சைக்கிள் ஏற்றியவர்கள்: உங்களுக்கு என்ன நேர்ந்தது?

கொலுசுப்பட்டறை, வாழப்பாடி

மூன்று மாதமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடுகிறேன். விருத்தாசலம் பாதையில் காலையில் வரும் பாசஞ்சரின் கூட்டம் உங்களுக்குத் தெரியும். சேலம் ஜங்ஷனில் இறங்கிச் சிவதாபுரம் போக டவுன் பஸ்ஸுக்கு நின்றால் பட்டறைக்குத் தாமதம், கூலியில் பிடிப்பார்கள். ஒரு திங்கட்கிழமை அண்ணனின் சைக்கிளைத் தூக்கி ஏற்றிவிட்டேன். வாழப்பாடியில் இடம் இருந்தது. அயோத்தியாப்பட்டணத்தில் ஏறிய கூட்டத்தில் எனக்கும் சைக்கிளுக்கும் நடுவே நான்கு பேர் நின்றார்கள். ஹேண்டில்பார் மட்டும் என் கையில் இருந்தது.

சேலம் டவுனில் பூ மார்க்கெட்டுக்குப் போகிற ஒரு பாட்டி கூடையோடு இறங்க நகர்ந்தார். பெடலில் அவருடைய புடவை மாட்டியது. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். துணி கிழியும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கூடை சாய்ந்து மல்லிகை மொட்டுகள் என் செருப்பின் மேல் கொட்டின. பெடல் முள்ளில் சிக்கியிருந்த நூலைப் பாட்டியே குனிந்து எடுத்துவிட்டு, "பரவாயில்லை கண்ணு, உன் பிழைப்பு உனக்கு" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். பூவுக்குக் காசு கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ரயில் கிளம்பிவிட்டது.

ஈரோட்டு மிதிவண்டி

உங்கள் வருத்தம் புரிகிறது. என் கதை வேறு. ஞாயிறுதோறும் ஏற்காடு ஏறுவேன். ஈரோட்டிலிருந்து அதிகாலை ரயில், சேலத்தில் இறங்கி அடிவாரம் வரை மிதித்தால் அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு சக்கரத்தையும் கழற்றிப் பைக்குள் போட்டு, சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் நிறுத்தி வைப்பேன். யாருக்கும் இடைஞ்சல் இல்லை, பாதி இருக்கை காலியாகவே இருக்கும்.

ஒரு நாள் பரிசோதகர் வந்தார். பையின் மேல் சாண் போட்டு அளந்தார். ஒரு சாண், இரண்டு, மூன்று, அதற்கு மேலும் கொஞ்சம். பெட்டிக்குள் கொண்டுவரும் சாமான் 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரத்துக்குள் இருக்க வேண்டும் என்றார். ரேஸ் சைக்கிளின் சக்கரம் தனியாகவே 67 செ.மீ. வரும்! எப்படி மடித்தாலும் இந்த அளவுக்குள் அடங்காது. பதியாத சாமானுக்கு ஆறு மடங்கு கட்டணம் என்று ரசீது எழுதினார். பணத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ரசீது எழுதும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, அதுதான் இன்னும் நினைவில் நிற்கிறது. காலிப் பெட்டிக்கும் நெரிசல் பெட்டிக்கும் ஒரே விதி என்பது என்ன நியாயம்?

சீசன் டிக்கெட் சங்ககிரி

ஈரோட்டு மிதிவண்டிக்குத்தான் எழுதுகிறேன். சேலத்திலிருந்து மாலை ரயிலில் பதினோரு ஆண்டுகளாக நின்றே வீடு திரும்புகிறேன். போன ஐப்பசியில், மழை நாள், கதவை அடைத்து ஒருவர் சைக்கிளை நிறுத்தியிருந்தார். "சங்ககிரி, சங்ககிரி" என்று கத்தியும் கதவருகே போக முடியவில்லை. ரயில் நகர்ந்துவிட்டது. காவேரி ஸ்டேஷனில்தான் இறங்கினேன். இருட்டில், மழையில், பஸ் இருக்கும் சாலைவரை நடந்தேன்.

அவரும் "யாருக்கும் இடைஞ்சல் இல்லை" என்றுதான் சொன்னார். ஏறும்போது பெட்டி காலியாகத்தான் இருந்திருக்கும். மூன்று ஸ்டேஷன் தாண்டினால் அது நிரம்பிவிடும் என்பதை யார் முன்கூட்டிச் சொல்ல முடியும்? வாழப்பாடித் தம்பிக்கு நடந்ததும் இதுவே. நீங்கள் ஞாயிற்றுக்கிழமையில் மலை ஏறுகிறீர்கள், நாங்கள் மற்ற ஆறு நாளும் வேலைக்குப் போகிறோம்.

ஈரோட்டு மிதிவண்டி

ஐயா, ஞாயிறு அதிகாலை என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். ஆறு நாளும் ஏற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

பிரேக்வேன் அனுபவஸ்தர்

இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு இதைக் கேளுங்கள். என் சைக்கிளை ஒருமுறை முறைப்படி லக்கேஜாகப் பதிவு செய்து, ரயிலில் சாமான் ஏற்றும் பிரேக்வேனில் அனுப்பினேன். சேலத்தில் நான் இறங்கினேன், சைக்கிள் இறங்கவில்லை. ரயில் நின்றது சில நிமிடம்தான், அதற்குள் வேனில் அதன் முன்னால் வேறு மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள். கடைசிப் பெட்டியின் கதவு இடுக்கில் என் சிவப்பு மட்கார்டு தெரிய, அது ஈரோட்டுப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் வந்தது, மணியைக் காணவில்லை.

ஆனாலும் முறை அதுதான். இரண்டாம் வகுப்பில் 35 கிலோ இலவசம் என்று வாதாடாதீர்கள். சைக்கிள், ஸ்கூட்டர் போன்றவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது, எடை குறைவாக இருந்தாலும் பதிய வேண்டும். ரயில் புறப்பட அரை மணி நேரத்துக்கு முன்பே லக்கேஜ் அலுவலகத்தில் இருங்கள். நான் ஒரு மணி நேரம் முன்னால் போவேன். பயண டிக்கெட் கையில் இருக்க வேண்டும். உங்கள் பெயர், புறப்படும் ஊர், சேரும் ஊர் மூன்றையும் அட்டையில் எழுதி ஃபிரேமில் ஒன்று, ஹேண்டில்பாரில் ஒன்று கட்டுங்கள். காகிதம் வேண்டாம், மழையில் கரைந்துவிடும். பெடலைக் கழற்றுங்கள், முடியாவிட்டால் சாக்குத் துணி சுற்றுங்கள். ஹேண்டில்பாரைத் திருகித் திருப்பிவிட்டால் வேனில் பாதி இடம் போதும், ஏற்றுபவர்களும் முகம் சுளிக்கமாட்டார்கள். மணி, டைனமோ, பம்ப், தண்ணீர்ப் பாட்டில் எல்லாவற்றையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். ரசீதைத் தொலைத்தால் சைக்கிளை வாங்குவது பெரும்பாடு, போனில் படம் எடுத்து வையுங்கள். ஊர் வந்ததும் நேராக வேன் பக்கம் ஓடுங்கள், நான் அன்று டீ குடிக்கப் போனதுதான் தவறு. மெமு, டெமு ரயில் (மின்சாரத்திலோ டீசலிலோ ஓடும் குறுந்தூரப் பாசஞ்சர்) என்றால் லக்கேஜ் வேன் இருக்கிறதா என்று முந்தின நாளே விசாரியுங்கள். சின்ன ஸ்டேஷன்களில் பதிவு வசதி இருக்காது.

அஸ்தம்பட்டி, முன்பு உட்ரெக்ட்

நெதர்லாந்தில் நான்கு ஆண்டு வேலை பார்த்தேன். சைக்கிள் நாடு என்று நாம் பேசுகிறோமே, அங்கேயும் வேலை நாட்களில் காலை 6.30 முதல் 9 வரையும் மாலை 4 முதல் 6.30 வரையும் ரயிலில் முழு சைக்கிள் ஏற்ற முடியாது. ஜூலை, ஆகஸ்டு விடுமுறை மாதங்களில் மட்டும் அந்தத் தடை இல்லை. மடிக்கும் சைக்கிள் என்றால் எந்த நேரமும் இலவசம். போய்ச் சேர்ந்த வாரம் தெரியாமல் ஏழரை மணிக்கு ஏற்றினேன். கண்டக்டர் அம்மா அடுத்த ஸ்டேஷனில் இறங்கச் சொன்னார். கதவில் ஒட்டியிருந்த சைக்கிள் படத்தை விரலால் தொட்டுக் காட்டி, "ஒன்பது மணிக்கு வாருங்கள், உங்களுக்கு இங்கே இடம் இருக்கிறது" என்றார். குளிரில் ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், கோபமே வரவில்லை. எப்போது வரலாம் என்று சொல்லி அனுப்பினார் அல்லவா! நம் ரயில்களிலும் நேரம் குறித்து ஒரு பெட்டியை ஒதுக்கினால் ஈரோட்டுக்காரரும் சங்ககிரிக்காரரும் இப்படிப் பேச வேண்டியிருக்காது.

மீட்டர்கேஜ் ஆத்தூர்

இங்கே மீட்டர் கேஜ் பாதை, அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம், இருந்த காலத்தில் பால்காரர்கள் ஜன்னல் கம்பியில் கேனையும் மாட்டுவார்கள், சைக்கிளையும் மாட்டுவார்கள். பெத்தநாயக்கன்பாளையம் அருகே ஒரு சைக்கிள் கம்பத்தில் இடித்துக் கீழே போனதை என் கண்ணால் பார்த்தேன். அந்த ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த பையன் அதற்கு ஒரு நொடி முன்புதான் கையை உள்ளே இழுத்தான். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

கொலுசுப்பட்டறை, வாழப்பாடி

எல்லோருக்கும் நன்றி. பிரேக்வேன் அண்ணா, முப்பது கிலோமீட்டருக்குத் தினமும் பதிவு செய்தால் கூலியில் பாதி போய்விடும். ஜங்ஷன் ஸ்டாண்டில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டேன், மாத வாடகை. ஊரில் அண்ணன் சைக்கிள், இங்கே அது.

போன வியாழக்கிழமை அந்தப் பாட்டியைப் பார்த்தேன். அதே அரக்குப் புடவை. கிழிந்த இடத்தைப் பச்சை நூலால் நெருக்கமாகத் தைத்திருந்தார். டவுனில் நானும் இறங்கி, கூடையை மார்க்கெட் ஆட்டோ வரை தூக்கி வந்தேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. பட்டறைக்கு அரை மணி தாமதம்.

சீசன் டிக்கெட் சங்ககிரி

தம்பி, அந்த ஸ்டாண்டுக்கு மேற்கூரை இருக்கிறதா? என் மகனுக்கும் ஒன்று போட வேண்டும்.