‘காஸ்மெட்டிக்’, ‘காஸ்மாஸ்’ இரண்டும் ஒரே வேரா?

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
நடைமுறை எதுவும் மாறாமல் அலுவலகச் சுவருக்கு வண்ணம் மட்டும் பூசினால், அதை ‘காஸ்மெட்டிக்’ மாற்றம் என்று ஆங்கில நாளேடுகள் எழுதுகின்றன. இச்சொல்லும் பிரபஞ்சத்தைக் குறிக்கும் ‘காஸ்மாஸ்’ என்பதும் ஒரே கிரேக்க வேரில் பிறந்தவை என்கிறாள் என் மகள். அண்டத்தைச் சொன்ன சொல் முகப்பூச்சுக்கு இறங்கியது எப்படி?

சித்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மகள் சொல்வது சரி, ஐயா. ஆனால் சொல் அண்டத்திலிருந்து இறங்கவில்லை, அண்டத்துக்கு ஏறியது. ‘காஸ்மாஸ்’ என்பதன் கிரேக்க வடிவமான ‘கோஸ்மோஸ்’ என்பதற்கு ஒழுங்கு, அணிகலன் என்பவையே பழைய பொருள்கள். ‘இலியத்’ என்ற கிரேக்கக் காவியத்தில், தேவர் தலைவன் ஜீயஸை மயக்கப் புறப்படும் அவன் மனைவி ஹீரா பூண்ட அணிகளை ஹோமர் இச்சொல்லால் குறிக்கிறார். படைகளை வகுத்து நிறுத்தும் தலைவர்களுக்கும் இதே வேரிலிருந்து பெயர் தருகிறார். உலகின் ஒழுங்கைக் கண்டு அதற்கு இப்பெயரை முதலில் இட்டவர் பித்தகோரஸ் என்று பிற்காலக் கிரேக்க நூலோர் கூறுவர். லத்தீனின் ‘முண்டுஸ்’ என்ற சொல்லுக்கும் பெண்களின் அலங்காரம், உலகம் ஆகிய இரு பொருள்களும் உண்டு.

பாலக்காடு, மருத்துவ மாணவி:
ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2ஆம் நூற்றாண்டு மருத்துவரான காலன், உடலின் இயல்பான அழகைக் காக்கும் கலையை மருத்துவத்தின் ஒரு பகுதியாகக் கொண்டு, அதற்கு இதே வேரில் பிறந்த ‘கோஸ்மெட்டிகே’ என்ற சொல்லின் வழியில் பெயரிட்டார். இல்லாத அழகைப் பூச்சால் வரவழைப்பதற்கு அவர் வைத்த பெயர் ‘கொம்மோட்டிகே’. உடற்பயிற்சியால் வரவேண்டிய பொலிவைப் போலியாகக் காட்டுவது என்று பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் கண்டிப்பதும் இந்த இரண்டாவதைத்தான். 1605இல் தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் ஆங்கிலத்தில் ‘காஸ்மெட்டிக்’ என்று எழுதியபோதுகூட, உடல்நலன் பேணும் கலைகளுள் ஒன்றாக, மருத்துவத்துக்கு அடுத்தே அதை வைத்தார். கிரேக்கர் கொம்மோட்டிகே மீது சுமத்திய பழியை ஆங்கிலம் பின்னாளில் இச்சொல்லின் மீது ஏற்றியது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
மிக்க நன்றி. அப்படியானால் தமிழில் எப்படிச் சொல்வது?

சித்தூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்:
கிரேக்கச் சொல்லுக்கு ‘அணி’ மிக நெருக்கமானது. நகையும் அணி, படை வரிசையும் அணி. நம் பக்கத்துக் கதகளிக் கலைஞர்கள் வேடம் புனையும் இடத்தை மலையாளத்தார் ‘அணியறை’ என்றே அழைக்கிறார்கள். முகத்தின் ஓரத்தில் ‘சுட்டி’ எனும் வெள்ளை விளிம்பு வைக்கும் அந்த நீண்ட உழைப்பைப் பார்த்தவர் எவரும் அதை மேலோட்டமானது என்று சொல்லத் துணியமாட்டார். ஆகவே நாளேடு குறிப்பிடும் மாற்றத்தை ‘ஒப்பனை மாற்றம்’ என்று எழுதாமல், ‘வெறும் மேற்பூச்சு’ என்று எழுதுவதே பொருந்தும்.