சாக்லேட் சிப்ஸ் எல்லாம் மஃபினின் அடியில் இறங்கிவிடுகிறது, மஃபினும் மேலே எழும்புவதில்லை. உதவி வேண்டும்

திருச்சி சமையல்கட்டு:

எல்லோருக்கும் வணக்கம். மகளின் ஸ்நாக்ஸ் டப்பாவுக்காக வீட்டிலேயே சாக்லேட் சிப்ஸ் மஃபின் செய்து தருகிறேன். அவள் ஆசையாகச் சாப்பிடுகிறாள், ஆனால் எனக்குத் திருப்தியே வரவில்லை. வெட்டிப் பார்த்தால் சிப்ஸ் முழுக்க அடியில்தான் கிடக்கிறது. உருகி, பேப்பர் கப்போடு ஒட்டிப் பாதி வீணாகிறது. மேல்பக்கம் பேக்கரியில் கிடைப்பது போல உப்பலாக இல்லாமல் தட்டையாக இருக்கிறது. உள்ளே கீழிருந்து மேலாக நீளநீளமான ஓட்டைகள். சாப்பிட்டு முடித்ததும் லேசாக ஒரு சோப்பு ருசி நாக்கில் நிற்கிறது.

நான் போடும் அளவு: சலித்த மைதா ஒன்றரை கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், முட்டை 2, பால் 1 கப், எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், பேக்கிங் சோடா அரை டீஸ்பூன், சிப்ஸ் 1 கப், கொஞ்சம் வெனிலா எசென்ஸ். 240 மில்லி அளவு கப்தான். எல்லாவற்றையும் பீட்டரில் நன்றாக அடித்துவிட்டு, கடைசியில் சிப்ஸைக் கலக்கிறேன். ஓடிஜியை (வீட்டு மின்சார ஓவன்) 10 நிமிடம் சூடாக்கி, 180 டிகிரியில் 25 நிமிடம். எங்கே சரி செய்ய வேண்டும்?

வார இறுதி பேக்கிங்:

சிப்ஸை ஒரு ஸ்பூன் மைதாவில் புரட்டிவிட்டுச் சேருங்கள் அக்கா. மாவு ஒட்டியிருந்தால் கீழே இறங்காது. எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

திருச்சி சமையல்கட்டு:

அதையும் செய்து பார்த்துவிட்டேன் தம்பி. பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாவில் புரட்டினாலும் அடியில்தான் கிடக்கிறது.

கோவை ஓடிஜி:

மைதாவில் புரட்டுவது கெட்டியான கலவையில் ஓரளவு கைகொடுக்கும். கலவை நீர்த்திருந்தால் அந்த மாவு கரைந்துபோகும், அவ்வளவுதான். இங்கே பிரச்சினை சிப்ஸில் இல்லை என்று நினைக்கிறேன். இரண்டு விஷயம் சொல்லுங்கள். கப்பில் ஊற்றும்போது கலவை எந்தப் பதத்தில் இருக்கிறது? வீட்டில் தராசு இருந்தால், நீங்கள் அளக்கும் அந்த ஒன்றரை கப் மைதாவை எடை போட்டுப் பார்க்க முடியுமா?

திருச்சி சமையல்கட்டு:

தோசை மாவு பதம். கரண்டியால் ஊற்றினால் வழிந்து ஓடும். மைதாவை இப்போதுதான் எடை போட்டேன், 165 கிராம் வந்தது.

கோவை ஓடிஜி:

அங்கேதான் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் சொன்ன நான்கு குறைகளில் இரண்டுக்குக் காரணம் ஒன்றேதான்.

மைதாவைச் சலித்துவிட்டுக் கப்பில் அளந்தால் காற்று சேர்ந்து எடை குறைந்துவிடும். சலிக்காமல் ஸ்பூனால் அள்ளிப் போட்டு, மேலே தட்டிச் சமன் செய்தால் ஒரு கப் சுமார் 125 கிராம் வரும். அதாவது ஒன்றரை கப்புக்கு 190 கிராம் அளவுக்கு இருக்க வேண்டும். உங்களிடம் 165தான். அதற்கு எதிரே பால் 240 மில்லி, முட்டை இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 100 கிராம். எண்ணெயைக் கணக்கில் சேர்க்காமலே திரவம் மாவைப் போல இரண்டு மடங்கு. இது கப் கேக்குக்கே நீர்த்த கலவை. மஃபினுக்கு மாவின் எடையும், பாலும் முட்டையும் சேர்ந்த எடையும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். பதம் என்று கேட்டால், இனிப்பு போண்டாவுக்குக் கரைப்போமே, அந்தப் பதம். ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் வழியக் கூடாது, ஒரு கணம் தயங்கிவிட்டுப் பொத்தென்று விழ வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்றால், அடுப்புக்குள் போன முதல் சில நிமிடங்களில் எந்தக் கலவையும் சூட்டில் இன்னும் இளகும். மாவும் முட்டையும் வெந்து இறுகுவது அதற்குப் பிறகுதான். ஏற்கெனவே தண்ணியாக இருக்கும் கலவை அந்த நேரத்தில் சிப்ஸைத் தாங்காது. கெட்டியாக இருந்தால் சிப்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும், அதற்குள் சுற்றிலும் வெந்துவிடும். மேல்பக்கம் தட்டையாக வருவதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான். நீர்த்த கலவை குவிந்து எழும்பாமல் சமமாகப் பரவிவிடும்.

நீளநீளமான ஓட்டைகள் பீட்டரால் வருபவை. மைதா ஈரம் பட்டதும் அடிக்க அடிக்க அதில் குளூட்டன் என்ற புரதத்தின் இழுவை கூடும். பரோட்டாவுக்கு அது வேண்டும், மஃபினுக்கு வேண்டாம். உள்ளே உண்டாகும் வாயுவும் நீராவியும் இழுவையான மாவில் பரவலாகப் போக முடியாமல் ஒரே வழியாக மேலே துளைத்துக்கொண்டு போகும். அதனால் பீட்டரை எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு பாத்திரத்தில் மைதா, பேக்கிங் பவுடர், உப்பு. இன்னொன்றில் முட்டை, சர்க்கரை, எண்ணெய், பால். இரண்டையும் சேர்த்து ஸ்பேட்டுலாவால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை போதும். சின்னச் சின்னக் கட்டிகள் தெரிந்தால் கவலைப்படாதீர்கள், வேகும்போது கரைந்துவிடும். உலர்ந்த மாவு கொஞ்சம் தெரியும்போதே சிப்ஸைப் போட்டு இன்னும் இரண்டு புரட்டு, அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

சோப்பு ருசி தனிக் கதை. சோடாவுக்குப் புளிப்பு வேண்டும். உங்கள் அளவில் தயிர், மோர், எலுமிச்சை எதுவும் இல்லை. புளிப்பு இல்லாமல் சூடாகும் சோடா வாயுவை விட்டுவிட்டு சோடியம் கார்பனேட்டாக மாறி நின்றுவிடும். அதன் சுவைதான் சோப்பு போலத் தெரிகிறது. சோடாவை முழுக்க விட்டுவிட்டு பேக்கிங் பவுடரை 2 டீஸ்பூன் ஆக்குங்கள். அதில் புளிப்புப் பொருள் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது.

இந்த அளவில் ஒருமுறை செய்து பாருங்கள்: மைதா 190 கிராம், சர்க்கரை 130 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், முட்டை 1, பால் 120 மில்லி, எண்ணெய் 80 மில்லி, சிப்ஸ் 120 கிராம், வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன். எட்டு ஒன்பது மஃபின் வரும். கப்பில் முக்கால் அளவுக்கு நிரப்புங்கள்.

வார இறுதி பேக்கிங்:

நன்றி அண்ணா, எனக்கும் இப்போதுதான் காரணம் புரிகிறது. பேக்கிங் பவுடர் பழையதாக இருந்தாலும் எழும்பாது இல்லையா?

கோவை ஓடிஜி:

ஆமாம் தம்பி. அரை டம்ளர் வெந்நீரில் ஒரு டீஸ்பூன் போட்டால் உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். சும்மா நாலு குமிழி விட்டால் புதிது வாங்குவது நல்லது. நம் ஊர் ஈரக்காற்றில் டப்பாவைத் திறந்து வைத்தாலே வீரியம் போய்விடும்.

அம்பத்தூர் அடுமனை:

மாவு பற்றி மேலே சொன்னது முழுக்கச் சரி. வீட்டில் ஆர்டர் எடுத்துச் செய்பவள் என்ற முறையில் ஓடிஜி பற்றிச் சொல்கிறேன். 10 நிமிடச் சூடு போதாது. விளக்கு அணைந்தால் சூடாகிவிட்டது என்று நினைக்கிறோம், ஆனால் உள்சுவரும் தட்டும் அப்போதும் முழுச் சூட்டுக்கு வந்திருக்காது. 15 நிமிடம் விடுங்கள், மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும். தட்டு நடு அடுக்கில் இருக்க வேண்டும். முதல் 6 நிமிடம் 200 டிகிரி, அப்புறம் கதவைத் திறக்காமல் 180க்குக் குறைத்து இன்னும் 12 முதல் 15 நிமிடம். தொடக்கத்தில் சூடு அதிகமாக இருந்தால் ஓரம் சீக்கிரம் வெந்து இறுகும். நடுப்பகுதி இன்னும் இளக்கமாக இருப்பதால் மேல்நோக்கித்தான் எழும்பியாக வேண்டும். பேக்கரி உப்பல் அப்படித்தான் வருகிறது.

ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் தோழி. திருகில் காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 20 டிகிரி வரை வித்தியாசம் வருவது சாதாரணம். பேக்கிங்கில் ஒரே ஒரு கருவி வாங்கலாம் என்றால் முதலில் தராசு, அடுத்தது இதுதான் என்பேன்.

சிப்ஸ் உருகி ஒட்டுகிறது என்றீர்களே, அது கோகோ வெண்ணெயில் செய்ததா, தாவரக் கொழுப்பில் செய்ததா என்று பாக்கெட்டின் பின்னால் பாருங்கள். திருச்சி வெயிலில் அலமாரியில் இருக்கும் சிப்ஸ் கலக்கும்போதே இளகிவிடும். கோகோ வெண்ணெய் நம் உடல் சூட்டிலேயே உருகக்கூடியது. அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் கடைசியில் சேருங்கள். தாவரக் கொழுப்பில் செய்த காம்பவுண்ட் சிப்ஸ் வெயிலைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் வாயில் மெழுகு போல நிற்கும். எனக்குப் பிடிக்காது. கால் பங்கு சிப்ஸைத் தனியே எடுத்து வைத்து, கப்பில் மாவு விட்டபின் மேலே தூவினால் பார்க்கவும் அழகாக இருக்கும்.

மதுரை மல்லி:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. மேலே கொடுத்த அளவை எப்படி மாற்றுவது? கோதுமை மாவிலும் செய்யலாமா?

அம்பத்தூர் அடுமனை:

முட்டைக்கும் பாலுக்கும் பதில் தயிர் 180 கிராம், கூடவே பால் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன். இப்போது புளிப்பு இருப்பதால் சோடா அரை டீஸ்பூன், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன். தயிரும் சோடாவும் சேர்ந்ததும் வேலையைத் தொடங்கிவிடும், அதனால் கலந்த உடனே ஓவனுக்குள் போக வேண்டும். கோதுமை மாவில் பாதிக்குப் பாதி மாற்றிப் பாருங்கள். தவிடு ஈரத்தை இழுக்கும், பால் இரண்டு ஸ்பூன் கூட்டிக்கொள்ளுங்கள். முழுக்கக் கோதுமை என்றால் மஃபின் கனமாகத்தான் வரும்.

திருச்சி சமையல்கட்டு:

இன்று மாலை செய்தேன். சிப்ஸ் மேலிருந்து கீழ்வரை பரவி நிற்கிறது! ஓட்டைகள் இல்லை, சோப்பு ருசி சுத்தமாகப் போய்விட்டது. மேல்பக்கமும் உப்பி லேசாக வெடித்து வந்திருக்கிறது. மகள் பேக்கரியில் வாங்கியதா என்று கேட்டாள். இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி.

இரண்டு சந்தேகம் பாக்கி. என் தட்டில் 6 குழிதான், மீதி மாவில் செய்த இரண்டாவது சுற்று முதல் சுற்று அளவுக்கு எழும்பவில்லை. அப்புறம், அடிப்பக்கம் பேப்பர் ஈரமாக இருக்கிறது, உரிக்கும்போது கேக்கும் சேர்ந்து வருகிறது.

கோவை ஓடிஜி:

மிக்க மகிழ்ச்சி. இரண்டாவது சுற்றுக்கு ஒரு வழி இருக்கிறது. உலர்ந்ததையும் திரவத்தையும் தனித்தனியாகத் தயார் செய்து, இரண்டிலும் மூன்றில் ஒரு பங்கைக் கலக்காமல் எடுத்து வைத்துவிடுங்கள். முதல் தட்டு வெளியே வரும்போது அதைக் கலந்தால் பேக்கிங் பவுடர் புதிதாக வேலை செய்யும். தட்டு ஆறிய பிறகு நிரப்புங்கள், சூடான குழியில் மாவு விட்டால் அடி முதலிலேயே வெந்துவிடும்.

அம்பத்தூர் அடுமனை:

பேப்பர் ஈரமாவது ஆறவிடும் முறையால். வெந்த மஃபினைத் தட்டிலேயே விட்டால் நீராவி அடியில் தங்கிவிடும். 5 நிமிடம் கழித்து எடுத்துக் கம்பித் தட்டில் வையுங்கள். கம்பித் தட்டு இல்லையென்றால் இடியாப்பத் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைக்கலாம். சூட்டோடு உரித்தால் எந்தப் பேப்பரும் கேக்கைப் பிய்த்துக்கொண்டுதான் வரும், முழுக்க ஆறட்டும். மெல்லிய வண்ணக் கப்புகள் அப்போதும் ஒட்டினால் எண்ணெய் உறிஞ்சாத பட்டர் பேப்பர் கப் வாங்குங்கள். ஸ்நாக்ஸ் டப்பாவில் வைக்கும்போது கீழே ஒரு டிஷ்யூ போடுங்கள், சென்னையானாலும் திருச்சியானாலும் மூடிய டப்பாவுக்குள் வியர்க்கும். வெளியே இரண்டு நாள் நன்றாக இருக்கும். மீதியை ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது மைக்ரோவேவில் 20 நொடி சுட வைத்துக் கொடுங்கள்.