சேலத்திலிருந்து மழைக்காடு பார்க்க: எங்கே, எப்போது, அட்டைக்கடிக்கு என்ன செய்வது?

அஸ்தம்பட்டி_பயணி:
வணக்கம். நாங்கள் நான்கு பேர், அதில் 14, 10 வயதுப் பிள்ளைகள் இருவர். சேலத்திலிருந்து காரில் மூன்று நாளில் போய்வரும்படி ஓர் உண்மையான மழைக்காடு பார்க்க வேண்டும். "ஏற்காட்டிலேயே இருக்கிறதே" என்கிறார்கள் சிலர். சரியா? இல்லையென்றால் எங்கே, எந்த மாதம் போவது? வீட்டில் அட்டைக்கடிக்குத்தான் பயம்.

நாகலூர்க்_காபி:
ஏற்காடு மழைக்காடு இல்லைங்க. சேர்வராயன் மலையில் ஆண்டுக்குச் சுமார் 1,500 மி.மீ. மழை பெய்யும். ஆனால் தை முதல் பங்குனி வரை மலை காய்ந்துவிடும். மழைக்காட்டு மரம் அத்தனை நீண்ட வறட்சியைத் தாங்காது. அதோடு 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்த பிறகு, காடு மெல்ல மெல்லத் தோட்டமாகிவிட்டது. இன்று நிழலுக்கு நிற்பதில் பெரும்பகுதி சில்வர் ஓக், அதன்மேல் மிளகுக்கொடி. பழைய சோலைக்காடு பள்ளங்களிலும் கோயில் காடுகளிலும் துண்டு துண்டாகத்தான் மிச்சம்.

ஆனாலும் கிளம்புவதற்கு முந்தைய வாரம் பிள்ளைகளை ஏற்காட்டில் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்துக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். மழைக்காட்டில் ஆர்க்கிட் 20, 30 மீட்டர் உயரக் கிளையில் தொற்றியிருக்கும், கீழிருந்து ஒரு பச்சைக் கொத்தாகத்தான் தெரியும். தோட்டத்தில் வேரையும் பூவையும் பக்கத்தில் பார்த்துவிட்டால், காட்டில் அண்ணாந்து பார்க்கும்போது பிள்ளைகளே அடையாளம் சொல்வார்கள்.

ஆழியாறு_செக்போஸ்ட்:
மூன்று நாளுக்கு வால்பாறைதான் சரி. கோவை, பொள்ளாச்சி வழியாக ஏறக்குறைய 270 கி.மீ., ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி, இங்கே 40. வாந்தி வரும் பிள்ளைக்கு ஆழியாறில் வயிறு முட்டச் சாப்பாடு கொடுக்க வேண்டாம், முன்சீட்டில் உட்கார வையுங்கள். இருட்டிய பிறகு மலை ஏறாதீர்கள்.

டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை நடக்கச் சுலபம், அட்டையும் குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். காடு அப்போதுதான் முழு வேகத்தில் இருக்கும், ஆனால் 10 வயதுப் பிள்ளையோடு முதல் பயணத்துக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வால்பாறையில் ஊரைச் சுற்றி இருப்பது தேயிலை. மழைக்காடு எஸ்டேட்டுகளுக்கு நடுவே தீவு தீவாகத்தான் நிற்கிறது. புதுத்தோட்டம் பக்கம் சாலையோரத்திலேயே சிங்கவால் குரங்குகளைப் பார்க்கலாம். தின்பதற்கு எதுவும் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. கொடுக்கக் கொடுக்க அவை சாலைக்கு இறங்குகின்றன, வண்டியில் அடிபடுகின்றன. மரத்துக்கு மரம் அவற்றுக்குப் பாலம் கட்டியிருப்பதே அதனால்தான். காட்டுக்குள் நடக்க வனத்துறை அனுமதி கட்டாயம். டாப்சிலிப் பக்கம் நடக்க விருப்பம் என்றால் வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் முன்பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். வாகன அனுமதி விதியையும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலையில் வால்பாறைச் சாலையில் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை நிற்கிறது என்று பொருள். அன்று உலாவப் போக வேண்டாம்.

ஈரச்சாக்ஸ்:
அட்டை விஷமில்லை, நோயும் பரப்பாது என்றே வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் தரையிலிருந்தும் தாழ்ந்த செடியிலிருந்தும்தான் ஏறும். ஆகவே காலைக் காத்தால் பாதி வேலை முடிந்தது. நெருக்கமாக நெய்த, முழங்கால் வரை வரும் அட்டைச் சாக்ஸ் ஆளுக்கு இரண்டு ஜோடி. பேன்ட்டை அதற்குள் விட்டு, மேலே நாடாவால் கட்ட வேண்டும். சாதாரண சாக்ஸின் கண்ணிக்குள் அட்டை நுழைந்துவிடும். சாக்ஸ் மேல் மூக்குப்பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவுவார்கள். வேலை செய்யும், ஆனால் மழையில் கரையும், மறுபடி தடவ வேண்டும். பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்காதீர்கள்.

கடித்துவிட்டால் பிய்த்து எடுக்காதீர்கள். ஒல்லியான முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தை வைத்துத் தோலோடு ஒட்டி நகர்த்தினால் பிடி விடும், உடனே சுண்டிவிட வேண்டும். ஒட்டியிருக்கும்போது உப்போ நெருப்போ வைத்தால் உள்ளே இருப்பதைக் காயத்திலேயே கக்கக்கூடும், புண் பிடிக்கும். ரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் ரொம்ப நேரம் கசியும். சோப்புப் போட்டுக் கழுவி, பஞ்சை வைத்து அழுத்தி, பிளாஸ்திரி ஒட்டினால் போதும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது. பாலியஸ்டர் பேன்ட் நல்லது. பைக்குள் ஒரு பெரிய பாலிதீன் உறையை விட்டு, துணியை அதற்குள் வையுங்கள். பைக்கு மேலே போடும் மழை உறை தண்ணீரை முழுதாகத் தடுப்பதில்லை, முதுகுப்பக்கம் ஊறிவிடும்.

அஸ்தம்பட்டி_பயணி:
ரொம்ப நன்றி. பைனாகுலர் வாங்கலாமா? கேமராவுக்கு ஏதாவது?

இருவாச்சி_நோக்கர்:
வாங்குங்கள், 8×42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸின் அகலம் 42 மி.மீ.). 10×42 பெரிதாகக் காட்டும், ஆனால் மங்கலாக இருக்கும், கை நடுக்கமும் தெரியும். அடர்ந்த காட்டின் தரைக்கு வருவது வெளிச்சத்தில் இரண்டு சதவீதம் போலத்தான், அங்கே பிரகாசமே முக்கியம். ஏசி காரிலிருந்து கேமராவை எடுத்ததும் லென்ஸில் ஆவி படியும். இறங்க அரைமணி நேரம் இருக்கும்போதே ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

மழைக்காட்டில் வேகமாக நடந்தால் ஒன்றும் தெரியாது. காலை ஆறரைக்கு ஓரிடத்தில் இருபது நிமிடம் பேசாமல் நில்லுங்கள். இருவாச்சிப் பறவை பறந்தால் இறக்கைச் சத்தம் முதலில் கேட்கும், ரயில் எஞ்சின் மூச்சு விடுவதுபோல. சத்தம் வந்த திசையில் மர உச்சியைப் பாருங்கள். சிங்கவால் குரங்கைப் பார்க்க, அது தின்னும் வெடிப்பலா மரத்தைத் தேடுங்கள். முள்ளுருண்டைக் காய்கள் கிளையோடு ஒட்டிக் காய்த்திருக்கும், அடியில் உடைத்துப் போட்ட தோல் கிடந்தால் கூட்டம் பக்கத்தில்தான். சிவப்பு, மஞ்சள் சட்டை மட்டும் போடாதீர்கள்.